காலி ஓட்டம்

ஓட்டையே போடாத பாத்திரத்திலிருந்தும் தண்ணீர் வடிகிறதென்றால், இத்தனை நாள் நான் அளந்தது எந்தக் கசிவை?

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில், திருவொற்றியூர் வீட்டில் மடிக்கணினி முன் அமர்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இயற்கையில் எந்தத் துகளும் தனித்திருப்பதில்லை. தன்னைச் சூழ்ந்தவற்றோடு உறவாடி, ஆற்றலைச் சிறிது சிறிதாக இழக்கிறது. அந்த இழப்பை, எங்கோ இருக்கும் ஒரு தொடக்ககால குவாண்டம் கணினியில் இணையம் வழியாக நிகழ்த்திப் பார்ப்பது என் வேலை. அதன் அடிப்படை அலகுகளான குபிட்டுகளில் ஒன்று துகளாகவும் மற்றொன்று சூழலாகவும் நிற்கும். ஒவ்வொரு படியிலும் இரண்டையும் சற்றே பிணைத்துவிட்டு, சூழல் குபிட்டை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புவேன். துகளின் ஆற்றல் படிப்படியாக இறங்கும்.

இறங்கிய வளைவு கோட்பாட்டோடு அழகாகப் பொருந்தியது. நெறியாளர் அம்மையார் கட்டுரையை அந்த வாரமே அனுப்பிவிடலாம் என்றார். அதற்குமுன், மனநிறைவுக்காக, பிணைப்பைப் பூஜ்ஜியமாக்கி ஓடவிட்டேன். ஆற்றல் அப்போதும் இறங்கியது. அந்தக் கணினி தானாகவே கசியும் என்பது தெரியும். இவ்வளவு கசியும் என்று தெரியாது. இழப்பின் வேகத்தையும் நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. வளைவு வந்த பிறகு அதற்கேற்ற எண்ணைத் தேர்ந்திருந்தேன். பொருந்தாமல் என்ன செய்யும்?

மறுநாள் நெறியாளரிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் ஆய்வகத்தில் இன்னொரு மாணவி தன் ஆய்வு முழுவதையும் இந்த வளைவின்மேல் கட்டவிருந்தாள்; அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ரெண்டு வாரம் தரேன்மா," என்றார். "அதுக்குள்ள கணினியோட கசிவைத் தனியா பிரிச்சுக் காட்டு. முடியலைன்னா இந்த அத்தியாயம் உன் தீசிஸ்ல இருக்காது."

தினமும் காலையில் ஒருமுறை பிணைப்பின்றி ஓட்டிக் கணினியின் கசிவை அளந்துகொண்டு, அன்றைய எல்லா முடிவுகளையும் அதைக் கொண்டே திருத்தினேன். புள்ளிகள் சிதறின. எட்டு நாள் இப்படியே போயிற்று.

ஒன்பதாம் நாள் அண்ணன் கைப்பேசியை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டான். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி லாரி ஓட்டுபவன். கொடுக்கப் போனபோது, லாரிகளை நிறுக்கும் எடைமேடை அறையின் ஜன்னலில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"காலைல எடுத்த காலி வெயிட்டையே போட்டுக்கோயேம்மா. வண்டி இன்னா மாறிடுச்சு?" என்றான் அண்ணன்.

எடை போடும் பெண் அசையவில்லை. "மழைல தார்ப்பாய் நனைஞ்சு கீது. டீசல் வேற ரொப்பிகினு வந்துகீற. லோடு ஏத்தறதுக்கு முன்னாடி ஒருதபா மேல ஏத்து நைனா."

"நனைஞ்ச தார்ப்பாய் இன்னா, யானையா?"

"யானையா பூனையான்னு மேல ஏறினாத்தான தெரியும்!"

வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அண்ணன் முறைத்துக்கொண்டே வண்டியை ஏற்றினான். காலையின் அளவை நாள் முழுவதற்கும் நம்பிய அவன் பிழைதான் என் பிழையும். குபிட்டின் கசிவும் மணிக்கு மணி மாறுவது.

அன்றே முறையை மாற்றினேன். பிணைப்புள்ள ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், அதே நீளத்தில், பிணைப்பில்லாத ஒரு காலி ஓட்டம். எடைமேடையில் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழிப்பார்கள்; எங்களுக்குக் கழித்தால் தவறு. ஆற்றல் இரண்டு கசிவுகளையும் தாண்டித் தப்பும் வாய்ப்புகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால், காலி ஓட்டத்தின் அளவால் வகுக்க வேண்டும்.

இம்முறை, ஓட்டுவதற்கு முன்பே ஐந்து பிணைப்பு அளவுகளுக்கான இழப்பு வேகங்களைக் கணக்கிட்டு நெறியாளரின் வெண்பலகையில் எழுதினேன். அவர் அருகில் நின்றார். முதல் வளைவு எழுதிய எண்ணிலேயே வந்து நின்றது. இரண்டாவதும், மூன்றாவதும். ஐந்தாவது வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "இப்ப அனுப்பலாம்," என்றார்.

நான் அண்ணனை அழைத்தேன். "வந்துடுச்சுண்ணே!"

"இன்னா வந்துச்சு? இங்க இன்னும் லோடே வரல."

"அன்னிக்கி எடைமேடைல நீ தோத்தியே, அதால வந்தது."

"நா தோத்ததுக்கு உனக்கு டாக்டர் பட்டமா? நல்லாகீது போ!"

அத்தியாயம் ஆய்வேட்டில் இடம்பெற்றது. அந்த மாணவி தன் வேலையைத் திருத்திய வளைவிலிருந்து தொடங்கினாள். இப்போது எங்கள் ஆய்வகத்தில் வேகத்தை முன்கூட்டி எழுதாமல் யாரும் கணினியை ஓட்டுவதில்லை. காலி ஓட்டத்தின் முடிவைச் சேர்க்காமல் எந்த வளைவும் வெளியே போவதில்லை.