கல் பதிக்காத பின்முற்றம்

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்தபோது என் வலது மார்பு இல்லை. அக்குளிலும் கொஞ்சம் அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, கையில் கீறல் படக் கூடாது, ஆனால் அசைக்காமல் மடக்கி வைத்தும் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மருந்தும் ஊசியுமாக மாதங்கள் போயின. ஊசி முடிந்து மாத்திரை மட்டும் என்று ஆன சமயத்தில் என் தங்கை ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினாள். கணவன் வீட்டை விட்டு வந்துவிட்டாள், இனிமேல் போவதில்லை என்றாள். காரணம் கேட்டேன், சொன்னாள். அதை நான் எழுதப் போவதில்லை. "உள்ளே வா" என்று மட்டும் சொன்னேன்.

நெய்யூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் அப்பா கட்டிய வீடு அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டு தனியாக இருந்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேர். ஊர் எங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பார்வையாகப் பார்த்தது. சபையிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள், ஜெபம் செய்தார்கள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒரு அக்கா ஜெபத்தை முடித்துவிட்டு என் தங்கையின் தலையைத் தடவினாள்.

"இனி என்ன பிள்ளே, ரெண்டு பேரும் ஆண்டவரைப் பாத்துக்கிட்டு ஒரு மூலையில இருந்துக்கிடுங்க."

அவள் வாசலைத் தாண்டியதும் தங்கை எழுந்தாள். அப்பாவின் பழைய மம்பட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். கொத்துகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறிபிடித்தவள்போல மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்னத்துக்கு இது?"

"தெரியல்ல அக்கா. மூலையில மட்டும் இருக்க மாட்டேன்."

தோட்டம் போட வேண்டும் என்று திட்டம் போட்டு நாங்கள் தொடங்கவில்லை. இப்படித்தான் தொடங்கினோம்.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். அம்மா ஒரு ரோஜாச் செடி வைத்திருந்தாள், அதையும் ஆடு தின்றுவிட்டது. வெண்டை, பயறு, கீரை என்று விதைப் பொட்டலங்கள் வாங்கிவந்தோம். எவ்வளவு ஆழத்தில் போடுவது என்று தெரியாமல் விரல் போகிறமட்டும் குத்திப் போட்டோம். மழை தொடங்கி எல்லாவற்றையும் மதிலோரம் அடித்துக்கொண்டு போனது. தெரிந்தவர் ஒருவர் தோட்டத்திலிருந்து மரச்சீனிக் கிழங்குக் கம்புகள் வெட்டிக்கொண்டுவந்து வரிசையாக ஊன்றினோம். சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"மக்கா, பாதிக் கம்பைத் தலைகீழா நட்டு வச்சிருக்கியளே!"

கணுவில் முளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டுமாம். பிடுங்கித் திருப்பி நட்டோம். மாமி போகவில்லை. ஒரு பக்கம் தட்டையாகிப்போன என் மார்பையும் தங்கையின் வெறும் கழுத்தையும் பார்த்தாள்.

"நான் சொல்லுகேன்னு வருத்தப்படாதீங்க. நடுகதுக்குக் கைராசி வேணும். நல்லா வாழுற கை நட்டாலாக்கும் பிடிக்கும். வேற யாரையாவது கூப்பிட்டு நடச் சொல்லுங்க."

அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது. முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை ஒன்று வாங்கி வலது கையில் மாட்டிக்கொண்டேன். அன்றுமுதல் ஒவ்வொரு விதையையும் அந்தக் கையால்தான் போட்டேன்.

மறுபடி போட்ட வெண்டை முளைத்தது. ஒரு பக்கம் நன்றாக வந்தது. மறுபக்கம், மதிலோரம், சாண் உயரத்தில் நின்று இலை மஞ்சளித்தது. நான் தினமும் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே கை. அப்படியானால் மாறியிருப்பது மண் மட்டும்தான். இது கணக்கு வாத்தியார் புத்தி. தங்கையிடம் அந்த இடத்தைத் தோண்டச் சொன்னேன். ஒரு முழம் போகுமுன் மம்பட்டி ணங்கென்று மோதியது. சிமெண்ட் கட்டி. அதன் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு, ஓட்டுத் துண்டு, உடைந்த தளக்கல். வீடு கட்டியபோது கொத்தனார்கள் மிச்சத்தையெல்லாம் அங்கே கொட்டி மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அதை அள்ளி முடிக்கப் பல நாள் ஆனது. சட்டியின் ஒரு காதை அவள் பிடித்தாள், மறுகாதை நான் இடது கையால் பிடித்தேன். கடைசி நாள் தலைப்பருமன் உள்ள ஒரு சிமெண்ட் கட்டியைத் தங்கை தூக்கிக்கொண்டுபோய் மதில்மேல் வைத்தாள்.

"மாமி! மாமீ! இஞ்ச வாங்க!"

மாமி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"கைராசி இல்லேன்னு சொன்னியளே, அது இதாக்கும். மண்ணுக்குள்ள கிடந்துது. எடுத்துட்டோம்."

மாமி கட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "நல்ல வாயாக்கும் ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அவள் வீட்டுத் தொழுவத்துச் சாணம் ஒரு கூடை மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தது.

அதன் பிறகு பிடித்தது. வெண்டை காய்த்தது, வழுதலங்காய் காய்த்தது, பயறு பந்தலை மூடியது. எல்லாம் ஒழுங்காக வந்தது என்று சொன்னால் பொய். தக்காளி வாடிப்போனது, மயில் வந்து கீரைப்பாத்தியைச் சுத்தமாகக் கிளறிவிட்டுப் போனது. ஆசையாக வளர்த்த பப்பாளி ஆளுயரம் வந்து, நீளக் காம்பில் கொத்துக்கொத்தாகப் பூத்து, ஒரு பிஞ்சும் பிடிக்காமல் நின்றது. ஆண் மரம். வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"நிக்கட்டும் அக்கா. ஆம்பள இல்லாத வீடு, ஆம்பள இல்லாத வீடுன்னு எல்லாரும் சொல்லுகாவல்லா. கேட்டா இதைக் காட்டுவோம்."

நான் சிரித்தேன். சிரிக்கும்போது தையல் போட்ட இடம் இழுத்தது. அப்படியும் நிறுத்த முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணன் திருவனந்தபுரத்திலிருந்து கூப்பிட்டான். எனக்கு இரண்டு வயது மூத்தவன். பின்பக்கம் முழுவதும் இன்டர்லாக் கல் பதித்துவிடலாம், சேறும் பாம்பும் இருக்காது என்றான். வேண்டாம் என்றேன். அடுத்த வாரமும் சொன்னான், அப்போதும் வேண்டாம் என்றேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு காலையில் வாசலில் மினி லாரி வந்து நின்றது. நாங்கள் வெளியே வருவதற்குள் பாதிக் கல்லை இறக்கிவிட்டார்கள். மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் மம்பட்டியோடு பின்பக்கம் நடந்தார்கள். தங்கை ஓடிப்போய்ப் பாத்திக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து வெண்டைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

மேஸ்திரி தவித்துப்போனார். "அக்கா, சார் சொல்லியாக்கும் நாங்க வந்தோம். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்க மேல தப்பில்ல. சாரைக் கூப்பிடுங்க."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். அண்ணன் எடுத்த எடுப்பில் கத்தினான். "பிள்ளே, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? அந்தக் கையில ஒரு முள்ளு குத்தினா என்ன ஆகும்னு தெரியுமா? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"கையுறை போட்டிருக்கேன். டாக்டருக்கும் தெரியும்."

"சரி, இப்ப நீ பாக்க. நாளைக்கு? நாளைக்கு இந்தக் காட்டை யாரு பாப்பா?"

பாத்தியோரம் நின்ற எல்லோரும் அதைக் கேட்டார்கள். ஆட்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணா, நான் சாகப்போறேன்னு நீ தீர்மானிச்சாச்சா?"

"நான் அப்படிச் சொல்லேல்ல..."

"சொல்லியாச்சு. நான் இன்னும் தீர்மானிக்கேல்ல. வீடு மூணு பேருக்கும் பொது. ரெண்டு பேரு வேண்டாம்னு சொல்லுகோம். நான் செத்த பிறகு வந்து கல்லு போடு. அதுவரைக்கும் இஞ்ச வெண்டைதான்."

தங்கை பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னாள். "அக்கா செத்தாலும் நான் இருப்பேன். அப்பவும் போட விடமாட்டேன்!"

அண்ணன் போனை வைத்துவிட்டான். கல்லைத் திரும்ப ஏற்ற மேஸ்திரிக்கு யாரும் உத்தரவு சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் பயத்தில்தான் அப்படிச் செய்தான் என்று எனக்குத் தெரியும். என் அறுவை சிகிச்சை அன்று வராந்தாவில் நின்று அழுதவன் அவன். ஆனால் அவனுடைய பயத்துக்காக நான் கல்லுக்கு அடியில் போக முடியாது.

வாசலில் கிடந்த கற்களை யாரும் வந்து எடுக்கவில்லை. பாத்திகளுக்கு நடுவே நடக்கிற வழிக்கு அவற்றை வரிசையாகப் போட்டோம். மழையில் கால் புதையாமல் நன்றாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வரவில்லை. புதுவருஷத்துக்கும் வரவில்லை. அது வலிக்கத்தான் செய்தது. பங்குனியில் மரச்சீனியைப் பிடுங்கினோம். தலைகீழாக நட்டுத் திருப்பியவற்றில்கூடக் கிழங்கு இருந்தது, விரல் தடிமனில். அவித்துச் சாளைமீன் குழம்போடு தின்றோம். சபை அக்கா வந்தபோது ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். "கொள்ளாமே!" என்று இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். தோட்டம்தான் உங்களைக் குணமாக்கியிருக்கிறது என்றாள். இல்லை என்றேன். மருந்துதான் குணமாக்குகிறது, அதுவும் இன்னும் முடியவில்லை. மண் யாருக்கும் வைத்தியம் பார்க்கவில்லை. நாங்கள் அதில் வேலை செய்தோம், அவ்வளவுதான்.

போன வாரம் அருமனைப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனோம். நான் பலாக் கன்று, வருக்கைச் சக்கை, கேட்டேன். பண்ணைக்காரர் மருந்தில் உதிர்ந்து மறுபடி வளர்ந்துகொண்டிருந்த என் குட்டை முடியைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். ஒட்டுக்கட்டிய கன்று ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது சீக்கிரம் காய்க்கும் அக்கா. விதைக்கன்று சக்கை தர ரொம்ப வருஷம் ஆகும்."

"விதைக்கன்றே தாங்க" என்றேன். "பெரிய மரமா வரணும்."

பஸ்ஸில் கன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். தங்கை குழி தோண்டினாள். நான் கையுறையை மாட்டிக்கொண்டு கன்றை இறக்கி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினேன்.