லைசென்ஸ் உள்ள ஆள்

வீட்டில் ஃபேன் மாட்ட ஆள் வந்தால்கூட மாசிலாமணி முதலில் லைசென்ஸ் இருக்கிறதா என்றுதான் கேட்பார். செம்பவாங் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெர்மிட் இல்லாமல் ஒருவன் வயரைத் தொட்டால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுவார். மேனேஜர் கத்துவார், கப்பல்காரன் கத்துவான், இவர் அசையமாட்டார். நம் சிங்கப்பூர்க்காரர்கள் எல்லோருக்குமே இந்த வியாதி கொஞ்சம் உண்டு. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் நமக்குத் தூக்கம் வரும். இவருக்கு மட்டும் அது முற்றிப்போயிருந்தது.

முற்றியதற்குக் காரணமும் இருந்தது. அவர் லீவில் இருந்த ஒரு நாள், தெரிந்த வேலைதானே என்று ஒரு தொழிலாளி தானே வயர் இழுத்து, கரண்ட் அடித்துச் செத்துப்போனான். அவனுடைய மனைவி ஊரிலிருந்து வந்து பட்டறை வாசலில் நின்றாள். அந்த முகத்தை அவரால் மறக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு அவரும் மனைவி மங்களமும் செய்த ஒரே ஊதாரித்தனம், ஒரு பழைய கேரவன் வாங்கியது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற குட்டி வீடு. அதை நிறுத்தி வைக்க இங்கே ஏது இடம்? மலேசியாவில், மெர்சிங் கடற்கரையில், நண்பர் பரமசிவத்தின் தென்னந்தோப்பில் விட்டிருந்தார்கள். ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகப் போவதாகப் பேச்சு. நிஜத்தில் அது தோப்பைவிட்டு நகரவே இல்லை. ஆனால் மங்களத்துக்கு அதுவே போதும். பிடோக்கில் பள்ளிக்கூட கேன்டீனில் ஆயுசு முழுக்கத் தோசை வார்த்தவள். தேக்கா மார்க்கெட்டில் துணி எடுத்துத் தானே திரைச்சீலை தைத்து மாட்டினாள். அங்கே போனால் கட்டிலைவிட்டு எழுந்திருக்கமாட்டாள். ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். “நானும் முதலாளி ஆயிட்டேங்க” என்பாள்.

அப்புறம் அவளுக்கு நுரையீரல் இறுகத் தொடங்கியது. குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். பகலும் இரவும் ஆக்ஸிஜன் மெஷின் ஓட வேண்டும். கையில் தூக்கிப்போகிற சின்ன மெஷின் அவளுக்குப் போதாது. பெட்டி மாதிரி இருக்கிற பெரியதுதான். அதற்கு விடாமல் கரண்ட் வேண்டும்.

“ஏங்க, ஒரு தடவை வண்டிக்குப் போயிட்டு வந்துடலாமா?” என்று அவள் கேட்டாள்.

தோப்பில் கரண்ட் கிடையாது. ஜெனரேட்டர் வைத்தால் புகை அவளுக்கு ஆகாது. கடலோர ஹோட்டலுக்குப் போகலாமே என்றார். “எனக்கு என் வண்டிதான் வேணும்” என்று சொல்லிவிட்டாள். கூரையில் சோலார் போட்டு, பேட்டரி வைத்தால் மெஷின் ஓடும் என்று பரமசிவம் யோசனை சொன்னார். டாக்டரும் தடுக்கவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கூடவே இருக்கட்டும், ஆனால் ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

மாசிலாமணி ஆள் தேடக் கிளம்பினார். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் போனால், என் லைசென்ஸ் கட்டடத்துக்குத்தான், சக்கரம் வைத்ததுக்கு இல்லை என்றார். கார் வொர்க்‌ஷாப்பில் கேட்டால், வண்டி வயரிங் பார்ப்போம், மெஷின் ஓட்டுகிற கரண்டெல்லாம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். சோலார் கம்பெனியில் இருந்த பெண் மரியாதையாகவே கேட்டாள்: “வீடு எந்த புளோக் அங்கிள்?” வீடுமில்லாத, காருமில்லாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட இந்தத் தீவில் ஆள் இல்லை.

கடைசியில் யாரோ சொல்லி டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போனார். அங்கே யாசர் என்பவர் சின்ன எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தார். வார இறுதிகளில் ஜொகூர் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்குச் சோலார் மாட்டிக் கொடுப்பவர்.

“மெஷின் எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. ஒரு சனிக்கிழமை போதும். மழை பேஞ்சாலும் தாங்குற மாதிரி செஞ்சு தர்றேன்.”

“லைசென்ஸ் இருக்கா தம்பி?”

யாசர் சிரித்துவிட்டார். “கேரவனுக்கு யாருண்ணே லைசென்ஸ் கொடுக்குறா? அப்படி ஒண்ணு இருந்தா எப்பவோ எடுத்திருப்பேன் லா.”

யோசித்துச் சொல்கிறேன் என்று மாசிலாமணி வந்துவிட்டார்.

“அந்தத் தம்பியவே கூப்பிடுங்களேன்” என்றாள் மங்களம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது.

“நடுவுல நின்னுடுச்சுன்னா? பெரிய ஆஸ்பத்திரி கிட்டவா இருக்கு?”

“அதுக்குத்தானே சிலிண்டர். நீங்களும் பக்கத்துல இருப்பீங்க.”

“உன்ன வச்சுப் பரீட்சை பார்க்க என்னால முடியாது மங்களம்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி அவள் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார், மனுஷன். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இதுகூடவா தெரியாது என்று நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர் கண்ணுக்கு எதிரில் நின்றது பட்டறை வாசலில் நின்ற அந்தப் பெண்.

விடாமல் தேடியதில் கோலாலம்பூரில் ஒரு இன்ஜினியர் கிடைத்தார். பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டே தருவேன் என்றார். இப்போது மழைக்காலம், முடிந்ததும் வருகிறேன் என்றார். மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்து மங்களத்திடம் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சரிங்க” என்றாள்.

மழைக்காலம் முடியவில்லை. அவளுக்குச் சளி கட்டி, நிமோனியாவாகி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தாள். அந்த ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்தான் இருந்தது. கருமாதி முடிந்த வாரம், இன்னும் சில வாரத்தில் மழைக்காலம் முடிந்துவிடும், எந்தத் தேதி வசதி என்று இன்ஜினியர் மெசேஜ் அனுப்பினார். மாசிலாமணி பதில் போடவில்லை.

மறுநாளே டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போய் யாசரைக் கூப்பிட்டார். மகள் இனியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இப்ப யாருக்குப்பா?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியணும்மா” என்றார். வாடகைக்கு எடுத்திருந்த மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. அதையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

சொன்னபடியே ஒரு சனிக்கிழமையில், மெர்சிங் தோப்பில், யாசர் வேலையை முடித்தார். மெஷினைக் கட்டில் பக்கத்தில் வைத்து மாசிலாமணியே சுவிட்சைப் போட்டார். வீட்டில் கேட்ட அதே சத்தம். அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் விடிந்ததிலிருந்து வானம் இருண்டு, அடைமழை. யாசர் டீ கொண்டுவந்து கொடுத்தார், ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். மாசிலாமணி எதையும் தொடவில்லை. நின்றுவிடு, நின்றுவிடு என்று அந்த மெஷினைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் நின்றுவிட்டால் போதும், தான் செய்தது சரி என்று ஆகிவிடும். மங்களத்தின் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கலாம்.

சாயங்காலம் வரை அது ஓடியது. பேட்டரியைப் பார்த்த யாசருக்குப் பெருமை தாங்கவில்லை.

“நான் சொன்னேன்லண்ணே, மழையிலயும் தாங்கும்னு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. குனிந்து கருவிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“சொன்னீங்க தம்பி” என்றார் மாசிலாமணி. “அவளும் சொன்னா.”