கனமான ஆள் ஒருவர் தேவை

அலையாத்திக் காட்டைப் பார்க்க நாட்டுப்படகில் போன நாங்கள் நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். செல்ஃபியில் மரங்கள் நன்றாக விழ வேண்டுமென்று எல்லோரும் இடப்பக்கமே உட்கார்ந்துவிட்டோம். படகு சாய்ந்தது.

"டீச்சர், கொஞ்சம் கனமா இருக்கவுக யாராச்சும் ஒராளு இங்கன மாறி உக்காருங்க," என்றார் படகுக்காரர்.

ஒருவரும் அசையவில்லை. நான் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, வானத்தில் போன கொக்கைக் கவனித்தேன். அறிவியல் ஆசிரியை ஈர்ப்பு மையத்தை அழகாக விளக்கினார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"நான் காலைல ஒரு இட்லிதான் சாப்பிட்டேன்," என்றார் கணக்கு டீச்சர்.

"எனக்கு எலும்புதான் பெருசு," என்றார் தமிழம்மா.

தண்ணீர் படகுக்குள் எட்டிப் பார்த்தது.

"இங்கன யாரும் பொண்ணு பாக்க வரல டீச்சர். படகு கவுந்துரும், எந்திரிச்சு வாங்க," என்றார் படகுக்காரர்.

பெண்கள் தங்கள் உடம்பை அடுத்தவர் கண்ணால் அளந்து பார்ப்பதைப் பற்றி நான் நிறையப் படித்தவள். அதைக் கண்டித்து மேடையில் பேசியும் இருக்கிறேன். ஆனால் அப்போது என்னை எழுப்பியது படிப்பு அல்ல. எனக்கு நீச்சல் தெரியாது.

வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். படகு அந்த நொடியே நேராகிவிட்டது.

"அம்புட்டுத்தான், ஒராளே போதும்," என்றார் படகுக்காரர் சந்தோஷமாக.

மற்ற மூவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எனக்கு வருத்தம் அவர்கள் மேல் இல்லை. படகு சற்றுத் தயங்கியாவது நேராகியிருக்கலாம்.