மாமா அழித்த முதல் வரி

அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவுக்கு மவுஸ் என்றாலே இளக்காரம். என்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் சிதம்பரத்தில் இருந்தவர், மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, நெட்டுக்கு வேண்டிய எண்களையெல்லாம் கறுப்புத் திரையில் தானே தட்டி எழுதி வைத்திருந்தார். திரை மூலையில் அதற்கென்றே ஒரு சின்னப் படம் உண்டு. தட்டினால் பெட்டி திறந்து எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். அதை யாரும் தொடக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு.

"இந்த மோடம் தானா குடுக்கற நம்பர் எல்லாம் தப்பு மாமா. கையால எழுதுனாத்தான் நிக்கும்" என்று அப்பாவிடம் சொல்வார்.

"படத்தத் தட்டுனா வர்றதுக்கு இவ்ளோ எழுத்தா மச்சான்?" என்று அப்பா சிரிப்பார். எங்கள் வீட்டில் மாமாவை மதித்தது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

அக்கா கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டிய கடைசி நாள் அது. மாலை ஐந்து மணி கெடு. காலையில் நெட் மெதுவாக வந்தது. ஐந்தாம் வகுப்பில் இருந்த நான், அக்காவுக்கு உதவுவதாக நினைத்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் படத்தைத் தட்டி 'ஆட்டோமேட்டிக்' என்பதை அழுத்தினேன். இணைந்துவிட்டது என்று படம் பளிச்சென்று காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கப்புறம் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். அப்பாவின் கைக்குப் பயந்து சொல்லவில்லை.

மத்தியானம் வரை பார்த்துவிட்டு அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். அவர் போனிலேயே சொல்லப் பார்த்தார். கறுப்புத் திரையைத் திறக்கக்கூட எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பஸ் ஏறிவிட்டார். பிரவுசிங் சென்டருக்கு ஓடிய அக்கா, அங்கே நின்ற கூட்டத்தில் இடம் கிடைக்காமல் அழுதுகொண்டே திரும்பினாள். மாமா வந்து உட்கார்ந்தபோது ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

கறுப்புத் திரையில் எதையோ திறந்தார். முதல் வரியைப் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். அவர் அந்த வரியை அழித்தார், பிறகு கீழே தன் எண்களை ஒவ்வொன்றாக எழுதினார். நெட் வந்தது. அக்காவின் பக்கம் திறந்தபோது நேரம் முடிந்துவிட்டதாகச் சொன்னது.

"நாந்தான் மாமா, எழுதும்போது தப்பு பண்ணிட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா.

"ஒன்ன நம்பி எம்பொண்ணு படிப்பே போச்சுடா" என்றார் அப்பா.

அம்மா எடுத்து வைத்த காப்பியைக் குடிக்காமல் மாமா கிளம்பினார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவேயில்லை. கம்ப்யூட்டரையும் விட்டுவிட்டார், இப்போது துபாயில் ஏதோ குடோனில் இருக்கிறார். அக்கா கிடைத்த கல்லூரியில் கிடைத்ததைப் படித்தாள். நான் தப்பித்துவிட்டதாகத்தான் பல வருடம் நம்பியிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் மாமா அன்று திறந்தது போலவே, நெட் எண்கள் இருக்கும் கோப்பு ஒன்றை நானும் ஒருநாள் திறக்க நேர்ந்தது. முதல் வரியில், 'இதை எழுதியது நான்தான்' என்று, படத்தைத் தட்டினால் திறக்கும் அந்தப் பெட்டி தன் பெயரைப் போட்டு வைத்திருந்தது. கையால் எழுதிய கோப்பில் அந்த வரி இருக்காது. மாமா அதைப் படித்துவிட்டுத்தான் அன்று என்னைப் பார்த்திருக்கிறார். அப்பா பார்ப்பதற்குள் அழித்தும்விட்டார்.