ஒரிஜினல் வேணுமா, புதுசு வேணுமா?

அன்று மழை பெய்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீதி எப்படி இருந்தது, யாருக்காவது அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்ட முதற்கேள்வி ஒன்றுதான்: "யார் ஓடினது?"

காரை மகள்தான் ஓடினாள். நான் பக்கத்தில் இருந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையால் இறங்கி, மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். குழாய் போடுவதற்காக வீதியைக் குறுக்கே கிண்டி, மேடும் பள்ளமுமாக மூடிவிட்டுப் போயிருந்தார்கள். முன்சில்லு ஏறி இறங்கியது. பின்சில்லு ஏறியது, ஆனால் இறங்கவில்லை போலிருந்தது. முதுகுக்குப் பின்னால் 'டொக்' என்று ஓர் அடி. அடுத்த கணம் காரின் பின்பக்கம் தன்பாட்டில் கடற்பக்கம் வழுக்கிப் போய், என் கதவுக்குச் சற்றுப் பின்னால் ஓரக்கல்லில் இடித்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் போனது. வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் எங்களைப் பார்த்துக் கூவிச் சிரித்தார்கள். இப்போதும் த்ரீவீலில் அந்த இடத்தைக் கடக்கும்போது என் வலக்கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தன்பாட்டில் தரையை அழுத்துகிறது.

அன்று மாலை என் கணவர் கார்ச் சாவியை எடுத்துத் தன் சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். "இனி அவள் ஸ்டியரிங்கைத் தொடத் தேவையில்லை" என்றார். அவருடைய தம்பி கொட்டாஞ்சேனையில் இருப்பவர். துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் வேலை. ஆனால் எங்கள் குடும்பத்தில் கார் என்றால் அவர்தான் கடைசி வார்த்தை. மறுநாளே வந்துவிட்டார். காரைச் சுற்றி நடந்தார். நசுங்கிய தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு மேலே வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பொம்பிளைப் பிள்ளையளுக்கு முன்னால பார்க்கிறதே கஷ்டம், அண்ணி. பின்சில்லு எங்க போகுதெண்டு எப்பிடித் தெரியும்? நல்ல ட்ரைவர் ஒருத்தனாப் பார்த்துக் கட்டி வையுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது."

கணவர் சிரித்தார். அதைவிட மோசம், மகளும் சிரித்தாள். "சரி சித்தப்பா. நான் இனி ஓடேல்ல" என்றாள்.

அந்தச் 'சரி' என்னை உலுக்கியதுபோல விபத்துகூட உலுக்கவில்லை. ஏனென்றால் அது என்னுடைய 'சரி'. கல்யாணமான புதிதில் நானும் லைசென்ஸ் எடுத்தேன். ஒருநாள் கேற்றில் கார் லேசாக உரசியது. வீட்டில் எல்லோரும் அதை ஒரு பகிடியாக்கினார்கள். நானும் சேர்ந்து சிரித்து, 'சரி, நான் ஓடவில்லை' என்றேன். அதற்குப் பிறகு இந்த வயதுவரை, யாராவது என்னை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று வாசலில் நின்றுகொண்டே இருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் அவளும் அதே வாசலுக்கு வந்துவிட்டாள். அன்றிரவு பாத்திரம் கழுவும்போது இரண்டு கோப்பைகள் என் கையில் உடைந்தன. தவறி விழுந்தன என்று சொன்னேன்.

நசுங்கிய தகட்டைக் கராஜில் நிமிர்த்தி, பெயின்ற் அடித்துத் தந்தார்கள். கார் புதிதுபோல் மினுங்கியது. ஆனால் கணவர் ஓட்ட, நான் பின்சீற்றில் இருந்து போன முதல் நாளே அந்த 'டொக்' மறுபடி கேட்டது. உண்மையில் அது பழைய சத்தம். போன வருடம் அது தொடங்கியபோது கணவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார். பிறகு தம்பிக்காரர்தான் பின்பக்கத்து மவுண்ட் இரண்டையும் வாங்கிவந்து கராஜில் மாற்றுவித்தார். பள்ளத்தில் விழும் சில்லு துள்ளாமல் பிடித்துக்கொள்வது ஷொக். அதன் மேல்நுனியைக் காரின் உடம்போடு பிணைக்கும், ரப்பர் பதித்த இரும்புத் தட்டைத்தான் மவுண்ட் என்கிறார்கள். "ஒரிஜினல், அண்ணா. ஜப்பான் ஒரிஜினல். இனி இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்று அன்று அவர் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். சில மாதம் சத்தம் இல்லை. பிறகு மெல்ல வந்தது. ஒரிஜினல் போட்ட இடத்தில் சத்தம் வராது என்பதால், வந்த சத்தத்தை ஒருவரும் கேட்கவில்லை.

கணவர் பஸ்ஸில் கந்தோருக்குப் போன ஒருநாள், தையல் பெட்டிக்குள் கிடந்த இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு மகளையும் இழுத்துக்கொண்டு கீழே போனேன். டிக்கியைத் திறந்து, உள்ளே ஓரத்தில் இருந்த மட்டையைக் கழற்றினேன். மவுண்டின் தலை தெரிந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "பின்பக்கத்தை அமத்தி விடு" என்றேன். அவள் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தி விட்டாள். என் கைக்குள் இரும்பு இரும்பில் இடித்தது. 'டொக்.' அன்று நான் கேட்ட அதே அடி.

"இன்னொருக்கா அமத்து."

'டொக்.'

"அம்மா, கையை எடுங்கோ, நசிஞ்சிடும்" என்றாள். நான் எடுக்கவில்லை. கோபத்தில் எனக்குக் காது அடைத்திருந்தது.

மறுநாள் பஞ்சிகாவத்தையில் ஓர் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். காரின் வகையைச் சொல்லிப் பின்மவுண்ட் ஒரு சோடி கேட்டேன். கடைக்காரர் தட்டுகளைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்டார்:

"ஒரிஜினல் வேணுமா மிஸ், புதுசு வேணுமா?"

எனக்கு விளங்கவில்லை. "ரெண்டும் வேற வேறயோ?"

"வேறதானே. ஒரிஜினல் எண்டா ஜப்பான்ல ஓடின கார்ல கழட்டினது. புதுசு எண்டா பெட்டியில வாறது. எல்லாரும் கேக்கிறது ஒரிஜினல்தான்."

நான் படித்தவள். தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். இந்த நகரத்தில் ஒரிஜினல் என்றால் 'கழற்றியது' என்று எனக்குத் தெரியாது. இரும்பென்றால் பரவாயில்லை, இது ரப்பர். எங்கள் காருக்கும் என் மகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அதே வயதுக் கார் ஒன்றின் கிழட்டு ரப்பரைக் கழற்றி, கப்பலில் ஏற்றி, துடைத்துக் கொடுக்க, அதைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, அதன் மேலே என் பிள்ளையை ஏற்றிவிட்டு, பின்சில்லு எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியாதாம்! கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். "புதுசும் நல்லதுதான் மிஸ்" என்றார் மெதுவாக.

கராஜுக்குக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. போன முறை பூட்டியவர்களிடமே போனால் அதே பேச்சைத்தான் கேட்க வேண்டிவரும். எங்கள் காரில் ஸ்பிரிங் தனியே, ஷொக் தனியே இருப்பதால் இது வீட்டில் செய்யக்கூடிய வேலை என்று மகள் போனில் வீடியோ பார்த்துச் சொன்னாள். கணவர் கந்தோர் நண்பர்களோடு வானில் கல்கிசையில் ஒரு செத்தவீட்டுக்குப் போன சனிக்கிழமை காலை, மாடிக் குடியிருப்பின் கீழே எங்கள் தரிப்பிடத்தில் தொடங்கினோம்.

காவல்காரர் ஓடி வந்தார். "மெதன பே, மிஸ்" என்றார். இங்கே செய்யக் கூடாதாம், கமிட்டி ஏசுமாம். கமிட்டித் தலைவர் ஞாயிறுதோறும் இதே இடத்தில் கார் கழுவி எங்கள் செருப்பெல்லாம் நனைப்பதை நான் சிங்களத்தில் ஞாபகப்படுத்தினேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் தன் கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டு, வீதியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

முன்சில்லுகளுக்குக் கல் கொடுத்தோம். ஜக் வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வைத்து, சில்லைக் கழற்றினோம். அச்சு கீழே தொங்கிப் போகாமல் அதற்கும் ஒரு ஜக்கை முட்டுக்கொடுத்தாள் மகள். டிக்கிக்குள் இருந்த இரண்டு நட்டும் சுகமாக வந்தன. கீழ்ப் போல்ட் வரவில்லை. துருவை இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருந்து, ஸ்பானரில் நான் ஏறி நின்ற பிறகுதான் கிரீச்சிட்டுக்கொண்டு அசைந்தது. கடல் காற்று இந்த ஊரில் எந்த இரும்பையும் சும்மா விடுவதில்லை. ஷொக்கை வெளியே எடுத்தால், நடு நட்டைத் திருப்பத் திருப்ப ஷொக்கின் தண்டும் சேர்ந்து சுற்றியது. மகள் தண்டின் நுனியைக் குறட்டால் இறுக்கிப் பிடித்தாள். நான் திருப்பினேன். மவுண்ட் கையோடு வந்தது. அதாவது, பாதி வந்தது. வெளி இரும்பு என் கையில், நடு இரும்பு தண்டிலேயே. நடுவில் இருந்த ரப்பர் வட்டமாகப் பிய்ந்து, காய்ந்த தோல்போல வெடித்திருந்தது. இரும்பின் மேல் வெள்ளைப் பெயின்றால் யாரோ எழுதிய ஓர் இலக்கம். கழற்றிய கடையில் போட்ட அடையாளம்.

நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். இங்கே எழுதக்கூடிய சொற்கள் அல்ல. காவல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, ஒரு விசயம். நான் அண்டைக்குக் கொஞ்சம் வேகமாத்தான் வந்தனான்" என்றாள்.

"என்ன?"

"கிண்டின இடம் தெரியும். மழையும் தெரியும். மெதுவாக்கியிருக்கலாம்."

எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. கையில் ஆதாரத்தோடு நிற்கிறேன். இவள் இப்போது இதைச் சொல்கிறாள்.

"இதை வேற ஒருத்தருக்கும் சொல்லாதை."

"சொல்லுவன். இல்லாட்டி ரப்பரில பழியைப் போடுறாள் எண்டு சித்தப்பா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். ரப்பரும் பிழை, நானும் பிழை. பிழை விட்டவை எல்லாரும் ஓடாமலே இருக்கினம்? அப்பா எத்தினை தரம் இடிச்சவர்?"

"அப்ப ஏன்டி அண்டைக்குச் சரி எண்டனீ?"

"அப்ப எனக்குப் பயமா இருந்தது, அம்மா. இப்பவும் பயம்தான். இதைப் பிடியுங்கோ" என்று புது மவுண்டை நீட்டினாள்.

இரண்டு பக்கமும் பூட்டி, காரை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் விழுந்த பிறகு கீழ்ப் போல்ட்டைக் கடைசியாக இறுக்கிக்கொண்டிருந்தபோது கணவர் வந்துவிட்டார். செத்தவீட்டு வெள்ளைச் சேர்ட்டோடு நின்று எங்கள் கைகளைப் பார்த்தார்.

"என்ன செய்யிறீர் நீர்?"

பிய்ந்த மவுண்டை அவர் கையில் வைத்தேன். கிறீஸ் சேர்ட்டில் பட்டது. வேண்டுமென்றுதான் செய்தேன்.

"தம்பி ஒரிஜினல் எண்டல்லோ சொன்னவன்" என்றார், அதைப் புரட்டிப் பார்த்து.

"ஓம். கழட்டின ஒரிஜினல்."

மகள் தன் வேகத்தையும் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதைத்தானே நானும் சொன்னனான்" என்றார்.

"இல்லை. வேகம் எண்டு நீங்கள் சொல்லேல்ல. அவள் பொம்பிளை எண்டுதான் ரெண்டு பேரும் சொன்னனீங்கள்" என்றேன்.

அவர் பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்தார். அவள் கையில் கொடுக்கவில்லை; காரின் கூரைமேல் வைத்துவிட்டு, மவுண்டின் பாதியை இன்னமும் கையில் வைத்துக்கொண்டே மாடிக்கு ஏறிப் போனார். 'பாவம் பிள்ளை' என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்காக நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

மகள் சாவியை எடுத்தாள். "கொட்டாஞ்சேனைக்குப் போவமே?" என்றாள்.

நான் பின்சீற்றில், கழற்றிய இரண்டாவது மவுண்டை மடியில் வைத்துக்கொண்டு, காதைக் கூர்மையாக்கியபடி இருந்தேன். கோட்டையைத் தாண்டிய பிறகு வீதி முழுக்கப் பள்ளம். ஒவ்வொன்றாக எண்ணியெண்ணிப் பயந்தேன். சத்தம் வரவில்லை. கொழும்புப் பள்ளங்களுக்குள் இவ்வளவு மௌனமாக விழலாம் என்று எனக்குத் தெரியாது.

சித்தப்பா சாரத்தோடு கேற்றுக்கு வந்தார். ஒழுங்கையில் நின்ற காரைப் பார்த்தார். கேட்டார், அதே கேள்வியை: "யார் ஓடினது?"

"நான்தான் சித்தப்பா. ஒழுங்கைக்குள்ள ரிவேர்ஸில வந்தனான். பின்சில்லு எங்க போகுதெண்டு பார்த்துப் பார்த்து."

நான் மவுண்டை நீட்டினேன். அவர் வாங்கி, அதிலும் எழுதியிருந்த வெள்ளை இலக்கத்தைப் பெருவிரலால் தேய்த்தார். "இது ஒரிஜினல்தான் அண்ணி" என்றார்.

"ஓம். நீங்களே வச்சிருங்கோ" என்றேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் இறங்கவே இல்லை. திரும்பும்போது மகள் கேட்காமலே மரைன் டிரைவுக்குத் திருப்பினாள். அந்த இடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள். முன்சில்லு ஏறி இறங்கியது. பின்சில்லு ஏறியது. இறங்கியது. அவ்வளவுதான்.

"அம்மா, என்ர சீற்றை உதைக்காதேங்கோ" என்றாள்.