மூன்றாம் பாடத்தை வெளியே சொன்னவள்

இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் அவள் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டுப் பயிற்சியாளர் பேசுவதை இங்குள்ள அதிகாரிகளுக்குச் சொல்வது வேலை. இரண்டு மொழியையும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவதால் தெருவில் அவளுக்கு ‘ரெட்டை நாக்கு’ என்று பெயர். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

பயிற்சியாளர் நாலு நாடுகளில் கலகம் அடக்கியவர். அதிர்ந்து பேசமாட்டார். மூன்றாம் பாடத்தில் அவர் சொன்னது இதுதான்: விடிந்ததும் தெருவைச் சுற்றி வளையுங்கள். ஆண்களை வரிசையில் நிறுத்துங்கள். தலையில் சாக்குப் போட்ட ஒருவனை வண்டியில் உட்கார வையுங்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ, அவனை ஏற்றுங்கள். தேடி வருபவர்களிடம் அப்படி யாருமில்லை என்று சொல்லுங்கள். கூட்டமாக வந்து எழுத்தில் கேட்டால் மட்டும் கவனம். ஒரு நாட்டில் அதனால்தான் எல்லாம் கெட்டது.

ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள். 

ஆறு வாரம் கழித்து வண்டிகள் அவள் தெருவுக்கே வந்தன. ஜன்னலோரம் நின்று பார்த்தாள். அவள் வாயால் சொன்ன அதே வரிசையில் எல்லாம் நடந்தது. பள்ளி வேன் ஓட்டும் அவள் தம்பியைப் பார்த்துச் சாக்கு தலையாட்டியது. மொத்தம் முப்பத்தொரு பேரை ஏற்றினார்கள்.

தம்பியைத் தேடி இராணுவ முகாமுக்குப் போனாள். வாசலில் நின்ற அதிகாரி அவள் மொழிபெயர்ப்பில் அந்தப் பாடத்தைக் கேட்டவன்.

“அப்படி யாரும் இங்க இல்ல மேடம்.”

“அந்த வாக்கியத்தை உங்களுக்குச் சொன்னதே நான்தான். வேற ஏதாவது சொல்லுங்க.”

அவன் கேட்டை மூடினான்.

அவள் நேரே தெருவுக்கு வந்து பெண்களைக் கூட்டினாள். “யாரும் தனியாப் போகாதீங்க, விரட்டிடுவாங்க. எல்லாரும் ஒண்ணாப் போய் பேரெல்லாம் எழுதிக் கொடுப்போம். முத்திரை போட்டுத் தராம நகரக்கூடாது. முத்திரை விழுந்துட்டா அப்புறம் அப்படி யாருமில்லன்னு சொல்ல முடியாது.”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் சலவைக் கடைக்காரி. அவள் புருஷனையும் ஏற்றியிருந்தார்கள்.

“அவங்களுக்குப் பாடம் நடத்தினப்போ மொழிபெயர்த்தது நான்தான்.”

சலவைக் கடைக்காரி எழுந்து அவள் எதிரே வந்து நின்றாள்.

“அவங்களுக்குச் சொன்ன வாயாலயே இப்ப எங்களுக்கும் சொல்றியா?”

“ஆமாக்கா. அதே வாய்தான்.”

சலவைக் கடைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப முன்னால நில்லு. அடி விழுந்தா முதல்ல உனக்கு விழட்டும்.”

முன்னால்தான் நின்றாள். அடியும் விழுந்தது, மணிக்கட்டு முறிந்தது. நாற்பத்துமூன்று பெண்கள் ஐந்து நாள் முகாம் வாசலை விட்டு எழவில்லை. ஐந்தாம் நாள் பெயர்ப் பட்டியலில் முத்திரை விழுந்தது. அடுத்த வாரம் இருபத்தேழு பேர் வெளியே வந்தார்கள். தம்பிக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. நாலு பேர் வரவேயில்லை. சலவைக் கடைக்காரியின் புருஷன் அதில் ஒருவர்.

அவளுக்கு வேலை போனது. இரகசியத்தை வெளியிட்டதாக வழக்கு.

“செய்தது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?” என்று கேட்டார் நீதிபதி.

“வகுப்புல உட்கார்ந்து வாய் கூசாம சொன்னேனே, அது தப்பு. அதுக்கு வழக்கு போடுங்க, ஒத்துக்கறேன்.”

பதினோரு மாதம் சிறை. அங்கே இருந்தபோது வேறொரு நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்குச் செய்தியைப் படித்த ஒரு பெண், அதே பயிற்சியாளர் தங்கள் ஊருக்கு வந்திருப்பதாக எழுதி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டிருந்தாள். முறிந்த எலும்பு சரியாகக் கூடாத கையால் அவள் அன்றே பதில் எழுத உட்கார்ந்தாள்.