முனிகிருஷ்ணன் எழுதிய ஏழாம் விதி

எங்கள் அலுவலகத்து முனிகிருஷ்ணனுக்குப் பிறமொழிச் சொல்லைக் கண்டாலே ஆகாது. பேனாவைக்கூட எழுதுகோல் என்றுதான் கேட்டு வாங்குவார். கட்டடங்களிலிருந்து வரும் கார்பனைக் குறைக்க அரசு விதிகள் கொண்டுவரப்போகிறது, வரைவைத் தமிழில் எழுதுங்கள் என்று மேலிடம் சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

நன்றாகவே எழுதினார், அதைச் சொல்லியாக வேண்டும். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, ஏசி இல்லாமலே காற்று வர எதிரெதிர் ஜன்னல். ஏழாம் விதியில்தான் ஐயா தன் வேலையைக் காட்டினார். எல்லாக் கூரைக்கும் சூடு தடுப்பு கட்டாயம், 'தகரக் கூரை வாடகை அறைகள் நீங்கலாக' என்று ஒரு வரி. புதுவாயலில் கம்பெனி ஆட்களுக்கு விட்டிருக்கும் ஆறு தகர அறைகள் அவர் மனைவி ஹேமாவதியின் பெயரில் இருக்கின்றன. கூரையைச் சரிசெய் என்று வீட்டில் போய்ச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

வரைவு மேலே போகுமுன் புதுவாயலில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். இதற்கெல்லாம் எவன் வருவான் என்று நிம்மதியாக இருந்தார். ஆனால் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்க அவரே எழுதிக் கொடுத்த வாசகம் இது: 'வீடுகளில் கரியைக் குறைக்க அரசு விதி. மக்கள் கருத்துக் கூறலாம்.' தாளில் அது கரி, கார்பனுக்கு அவர் போட்ட தமிழ். மைக்கில் வந்தபோது ஊரே கறி என்று கேட்டுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கைவைக்கிறார்களாம் என்று பேச்சுப் பரவி, மண்டபத்தில் நிற்க இடமில்லை. கறிக்கடை அரசப்பன் கடையைச் சாத்திவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இது அந்தக் கறி இல்லை என்று புரியவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. சிரித்துக்கொண்டே எழுந்தவர்களை, கூட்டத்தை நடத்த வந்திருந்த எங்கள் பொறியாளர் பூவராகவன் விடவில்லை. வந்ததுதான் வந்தீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள் என்று உட்காரவைத்து, முனிகிருஷ்ணனையே படிக்கச் சொன்னார். ஏழாம் விதியை மட்டும் அவர் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல ஓட்டினார்.

பின்வரிசையில் ஷைனி எழுந்தாள். கும்மிடிப்பூண்டியில் நைட் ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். அந்த ஆறு அறைகளில் ஒன்றில்தான் குடியிருக்கிறாள்.

"சார், பகல்ல அந்த ரூமுல படுத்தா வெந்துபூடறோம். ரெண்டு ஃபேன் ஓடியும் அனல்தான் வருது. எல்லாருக்கும் குடுக்கறத எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் நீங்கலாகன்னு போட்டுகிறீங்க?"

அந்த வரி ஏன் வந்தது என்று பூவராகவன் திரும்பிக் கேட்டார். முனிகிருஷ்ணன் எழுதுகோலைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்தார். ஓனர் யாரென்று ஷைனி அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். அவள் சொல்லவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்த எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் முனிகிருஷ்ணன், தப்பாக எழுதிவிட்டேன் என்று முணுமுணுத்துவிட்டு, அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார்.

கூட்டம் கலைந்ததும் ஷைனி அவர் பக்கத்தில் வந்து, கூரையைப் பற்றி ஓனரம்மாவிடம் அவர் சொல்லுவாரா, தான் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

முனிகிருஷ்ணன் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"நீயும் கூட வாம்மா."